பிச்சாவரம் துடுப்புப் படகு: லெவல் எடுக்கிறவன் எழுதும் மதிப்புரை

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகே எடுங்கள். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்பில் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். காடு தள்ளி நிற்கும், போட்டோவும் நன்றாகத்தான் வரும். ஆனால் இரண்டு பக்கமும் வேர்கள் தோளை உரசுகிற குறுகலான வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். என்னைக் கேட்டால் பிச்சாவரமே அந்த வாய்க்கால்கள்தான். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நெய்வேலிச் சுரங்கத்தில் சர்வே பிரிவில் வேலை செய்பவன். படிப்படியாக வெட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் (பெஞ்ச் என்போம்) லெவல் எடுப்பது, அதாவது உயரம் அளப்பது, எவ்வளவு மண் எடுத்தாயிற்று என்று கணக்குப் போடுவது, சரிவில் எங்காவது விரிசல் தெரிகிறதா என்று பார்ப்பது, இதுதான் பிழைப்பு. எங்களிடம் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்காமல் இருக்கும். 1957-ல் வெட்டத் தொடங்கி 1961-ல் நிலக்கரியைக் கண்டார்கள். இன்றுவரை அந்த இறைப்பு ஓயவில்லை. மண்ணையும் தண்ணீரையும் மனிதன் என்ன செய்ய முடியும், செய்தால் என்ன ஆகும் என்பது எனக்குப் புத்தகச் சமாச்சாரம் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து ஸ்விட்சைப் போட்டால் எரிகிற விளக்கும் அந்தக் குழியிலிருந்துதான் வருகிறது. இதைச் சொல்லாமல் இயற்கையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் அது நேர்மையாக இருக்காது.

போனது நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, மகள், மாமனார். மகள் புதுவைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் எம்.ஏ. படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். மாமனார் வடலூர்க்காரர், வள்ளலார் வழி நடக்கும் சன்மார்க்கி. தைப்பூச ஜோதி தரிசனத்துக்குச் சபை வாசலில் முதல் ஆளாக நிற்பவர். இவர்கள் இரண்டு பேரையும் ஒரே படகில் உட்கார வைத்தால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது.

வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் போய், அங்கிருந்து கிள்ளை ரோட்டைப் பிடித்தோம். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸும் உண்டு. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், கூட்டமும் ஏறிவிடும். டிக்கெட் வாங்குவது, லைஃப் ஜாக்கெட் மாட்டுவது எல்லாம் சுருக்கமாகவே முடிந்தது. ஜாக்கெட் வேண்டாம் என்று மாமனார் மறுத்துப் பார்த்தார். "ஐயா, போட்டாத்தான் படகு கெளம்பும்" என்று படகுக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டார்.

படகுக்காரருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கிற மார்க்கில் முக்கால்வாசி அவருக்குத்தான். சினிமா எடுத்த கதையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, "வேரைப் பாருங்க சார்" என்றார். அதிலேயே எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

வாய்க்காலுக்குள் நுழைந்ததும் முதலில் மாறுவது சத்தம். மேலே கிளைகள் கூடிக்கொள்கின்றன, துடுப்பு தண்ணீரை வழிப்பது மட்டும் கேட்கிறது. சுரபுன்னையின் தாங்குவேர்கள் தண்டின் பாதியிலிருந்தே கிளம்பி, வளைந்து வளைந்து சேற்றில் ஊன்றியிருக்கின்றன. வேரில் தண்ணீர் ஏறி இறங்கிய மட்டம் கோடாகத் தெரிகிறது. மற்றவர்கள் இலையைப் பார்த்தார்கள், நான் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லா மரத்திலும் ஒரே மட்டம். டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியை வைத்து நாங்கள் மெனக்கெட்டு எடுக்கிற லெவலைத் தண்ணீர் ஒரு தவறும் இல்லாமல் ஒவ்வொரு வேரிலும் எழுதி வைத்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே சிப்பிகள் ஒட்டியிருக்கின்றன, மேலே ஒன்றுகூட இல்லை. இங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். அவ்வளவு சின்ன அசைவை நம்பித்தான் இந்தக் காடு முழுவதும் உயிர் வைத்திருக்கிறது.

இன்னொரு இடத்தில் படகை நிறுத்தி, வெண்கண்டல் கிளை ஒன்றை வளைத்துக் காட்டினார். "இலையை ஒடிக்க வேணாம், வெரலால தொட்டு நாக்குல வைங்க." என் மனைவி முதலில் வைத்தாள். "என்னங்க, உப்பு!" என்றாள். கண்ணை இலைக்கு அருகில் கொண்டுபோனால் பொடிப்பொடியாக மின்னுகிறது. சுரபுன்னை உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் அதை உள்ளே விட்டு இலை வழியாக வெளியேற்றுகிறது. அதன் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கின்றன, காற்றில்லாத சேற்றுக்குள் மூச்சு விட வேண்டுமே. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீளமான காயாகத் தொங்குகிறது. முற்றியதும் விழுந்து சேற்றில் செங்குத்தாகக் குத்திக்கொள்ளும், இல்லையென்றால் மிதந்து வேறு கரைக்குப் போய் அங்கே ஊன்றும். மாமனார் அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "தாய் தன்கிட்டயே வளர்த்துத்தான் எறக்கி விடுது" என்றார்.

படகுக்காரர் தில்லை மரத்தையும் காட்டினார். சிதம்பரம் நடராசர் கோயிலின் தல மரம் இது. தில்லைக் காடாக இருந்த ஊர் என்று சிதம்பரத்துக்குப் பெருமை உண்டு. இன்றைக்கு மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரைவிட்டு இத்தனை தூரம் உப்பங்கழிக்கு வரவேண்டியிருக்கிறது. மாமனார் எழுந்து கும்பிடப் போனார். "ஐயா, கும்பிடுங்க, தொட்டுடாதீங்க, பால் பட்டா கண்ணு போயிடும்" என்று தடுத்தார் படகுக்காரர். விழப்போகும் தில்லை இலை நல்ல சிவப்பாகிவிடும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். கும்பிடலாம், ஆனால் தொடக்கூடாது என்று ஒரு மரம் மனிதனிடம் கொஞ்சம் இடைவெளி கேட்பது எனக்குச் சரியாகவே பட்டது. புனிதம் என்று சொல்கிற எல்லாவற்றையும் நாம் தொட்டுத் தேய்த்துவிடுகிறோம்.

இங்கேதான் மகள் ஆரம்பித்தாள். நார்வே நாட்டில் ஆர்னே நேஸ் என்று ஒரு தத்துவவாதி. 1973-ல் அவர் சூழலியலில் மேலோட்டமானது, ஆழமானது என்று இரண்டைப் பிரித்துக் காட்டினாராம். நமக்குக் கேடு வருகிறதே என்று மாசைக் குறைப்பது மேலோட்டமானது. நமக்குப் பயன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் உயிருக்கும் வாழவும் செழிக்கவும் உரிமை உண்டு, அதற்குத் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்று ஏற்பது ஆழமானது. "அப்பா, நாம இந்தக் காட்டைப் பத்திப் பேசறப்ப எல்லாரும் சுனாமியைத்தான் சொல்றோம். காப்பாத்துச்சு, அதனால காப்பாத்தணும்னு. நாளைக்கே இதைவிட நல்ல தடுப்புச் சுவர் வந்துட்டா வெட்டிடலாமா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்று இந்தப் பக்கம் நடந்தது எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குப்பங்கள் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் 2005-ல் இதை எழுதினார்கள், உலகம் முழுவதும் பேசப்பட்டது. அடுத்த வருடமே வேறு சில ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்துக்கொண்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதுதான் சேதத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது என்று மறுத்தார்கள். லெவல் எடுக்கிறவனான எனக்கு அந்த மறுப்பைத் தள்ளிவிட மனம் வரவில்லை. உயரம் சும்மா இல்லை. ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். அதற்காகக் காடு ஒன்றும் செய்யவில்லை என்றும் ஆகிவிடாது. அலையின் வேகத்தை மரமும் வேரும் குறைக்கும். எவ்வளவு குறைத்தது என்பதில்தான் வாதம். மகள் சொன்னதன் பலம் இங்கே எனக்குப் புரிந்தது. காட்டின் மதிப்பை அது நமக்குச் செய்த உதவியில் மட்டும் கட்டி வைத்தால், ஆய்வுக் கட்டுரை மாறும்போதெல்லாம் காட்டின் விலையும் ஏறி இறங்கும்.

மாமனாருக்கு இதில் விவாதமே தேவைப்படவில்லை. "பயிர் வாடினா கூடவே வாடினவரு எங்க ஐயா. பயிரு அவருக்கு என்ன கொடுத்துதுன்னா வாடினாரு?" என்றார். வள்ளலார் பிறந்த மருதூர் இந்த மாவட்டத்தில்தான், சிதம்பரத்துக்கு அந்தண்டை. 1867-ல் வடலூரில் அவர் மூட்டிய சத்திய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நார்வேக்காரர் யோசித்து வந்துசேர்ந்த இடத்துக்கு இவர் நூறு வருஷத்துக்கு முன்னமே இரக்கத்தின் வழியாக வந்திருக்கிறார் என்று மாமனார் சொல்ல, மகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்று உரிமையைப் பற்றிய வாதம், இன்னொன்று உயிர் உயிருக்காக உருகுவது, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்றாள். நான் மகள் பக்கம். ஆனால் சேற்றில் ஊன்றிய அந்த முளையைப் பார்த்து மாமனாரின் முகம் மாறியதே, அதை எந்த வாதத்தாலும் உண்டாக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் வாய்க்கால் திருப்பத்தில் ஓர் அம்மா இடுப்பளவு தண்ணீரில் குனிந்திருந்தார். பல்லில் ஒரு பறியைக் கடித்துப் பிடித்திருந்தார். பறி என்றால் மீன் போட்டு வைக்கிற சிறிய ஓலைக் கூடை. இரண்டு கையும் தண்ணீருக்குள், சேற்றோடு சேற்றாகத் துழாவிக்கொண்டிருந்தன. வலையோ தூண்டிலோ எதுவும் இல்லை. கை நின்றது, மேலே வந்தது, விரலிடுக்கில் ஓர் இறால் துள்ளியது. அதைப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி குனிந்தார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருளர் ஜனங்க சார், கையாலயே பிடிப்பாங்க. கால்ல மிதிபடறப்பவே மீனா, எறாலா, நண்டான்னு தெரிஞ்சிடும்" என்றார் படகுக்காரர்.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். புலால் மறுத்தவர், இறால் துள்ளுவதைப் பார்க்க முடியவில்லை. சற்று நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "பசியைப் போக்குறதுதான் முதல் தருமம்னு ஐயா சொன்னாரு. அந்தம்மா வீட்டு அடுப்பு எரியறதுக்கு நான் என்ன வழி பண்ணியிருக்கேன், குத்தம் சொல்றதுக்கு?" எழுபது தாண்டிய மனிதர் படகில் உட்கார்ந்தபடி தன் கொள்கையையும் விடாமல், எதிரில் நிற்கும் மனுஷியையும் விடாமல் தவித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மகள் தன் நேஸையே அங்கே கேள்வி கேட்டாள். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989-ல் எழுதிய ஒரு கட்டுரையைச் சொன்னாள். மனிதன் கைபடாத காடுதான் காடு என்பது அமெரிக்காவில் பிறந்த ஆசை, அதை அப்படியே நம்மைப் போன்ற நாட்டுக்குக் கொண்டுவந்தால் காட்டை நம்பிப் பிழைக்கிற ஏழைதான் முதலில் வெளியே தள்ளப்படுவான் என்பது அவர் வாதம். "இந்தக் காட்டுக்கு வேலி போட்டுப் பூட்டினா, நாம லீவு நாள்ல டிக்கெட் வாங்கிட்டு வந்து பார்த்துட்டுப் போவோம். அந்தம்மா எங்கப்பா போவாங்க?" என்றாள். பழைய தமிழ்த் திணை மரபில் ஒரு நிலத்தின் கருப்பொருள் என்று தெய்வம், மக்கள், மரம், பறவை, உணவு, தொழில் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைக்கிறார்கள் என்றும் சொன்னாள். நெய்தலில் உப்பு விளைவிப்பவரும் கண்டலும் கடற்பறவையும் பக்கத்தில் பக்கத்தில். அந்தப் பட்டியலில் வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கிறவனுக்கு இடமில்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சரி, வாய்க்காலுக்கு வருகிறேன். இந்த மதிப்புரையில் எனக்கு முக்கியம் இதுதான்.

போகிற வழியில் ஓரிடத்தில் பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால்கள் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் பிரிவதைப் பார்த்தேன். ஆறு அப்படி நேராகப் பிரியாது. "இது தானா உண்டானது இல்லையே?" என்று கேட்டேன். படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டார். "நாங்கதான் சார் வெட்டுனோம். அப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகல. இந்தப் பக்கம் பூரா மொட்டையா கெடக்கும். உப்புப் பூத்து வெள்ளையா இருக்கும். மாடுகூட மேயாது."

கதை இதுதான். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டி விற்றிருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது கொஞ்ச காலம் நடந்தது. வெட்டிய இடம் தானாக முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது, உள்ளே இருந்த ஈரம் போய் நிலம் அமுங்கியது. ஓரம் உயர்ந்து நடு தாழ்ந்து தட்டு மாதிரி ஆகிவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் இறக்கத்தில் வெளியே போக வழியில்லை. அங்கேயே நின்று வற்றியது, உப்பு மட்டும் தங்கியது. அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. கடைசியில் உப்பைக் குடித்தே வாழ்கிற மரங்களுக்கும் தாங்காத உப்பு. இத்தனை நாளும் ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதாலும் மாடு மேய்த்ததாலும்தான் காடு அழிந்தது என்று பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் இங்கே வந்து ஆராய்ந்தபோதுதான் மூலக்காரணம் அந்த மொட்டை வெட்டு என்று தெரிந்தது.

அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் கன்றை நடுவதில் தொடங்கவில்லை. முதலில் லெவல் எடுத்தார்கள். எங்கே எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று வரைந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள் என்று மீன்முள் அமைப்பில் வெட்டினார்கள். வனத்துறையும் கிராமங்களும் சேர்ந்தே செய்தார்கள். ஏற்றத்துக்கு ஏறி இறக்கத்துக்கு இறங்க தண்ணீருக்கு வழி கிடைத்ததும் தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போனது. அப்புறம் கன்று வைத்தார்கள், விதைகளும் தாமாக மிதந்து வந்து ஊன்றின. இன்று அந்தப் பக்கம் போனால் படகிலிருந்து வானம் தெரியவில்லை.

இதைக் கேட்டபோது என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். நானும் அதே கருவியைத்தான் தோளில் தூக்குகிறேன். அதே லெவல், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற அதே காண்டூர் கோடு. நாங்கள் வெட்டுவது தண்ணீரைத் தள்ளி வைத்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ள. இவர்கள் வெட்டியது தண்ணீரை உள்ளே விட. நாங்கள் ஒரு நாள் பம்பை நிறுத்தினால் நிலைமை மோசமாகிவிடும். இவர்கள் வெட்டி முடித்ததும் வேலையைக் கடலிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். சேறு படிந்தால் தூர்வார வேண்டும், அவ்வளவுதான். மனிதன் கைவைத்தாலே கெடுதல் என்று நான் இனி சொல்ல மாட்டேன். கைவைக்காமல் இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன், அந்த உப்புத் தரை எத்தனையோ வருடம் சும்மாவேதான் கிடந்தது. தண்ணீர் எங்கே போக விரும்புகிறது என்று அளந்து தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கு மட்டும் வெட்டி, அப்புறம் விலகி நிற்பது. இயற்கையோடு மனிதனுக்கு இருக்கக்கூடிய உறவில் நான் கண்ணால் பார்த்தவற்றுள் இதுதான் சிறந்தது. எங்கள் மேல்மண் குன்றுகளிலும் மரம் வைத்திருக்கிறார்கள். நன்றாகவே வளர்ந்திருக்கின்றன, மயில் வருகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அங்கே குன்று நாங்கள் கொட்டியது, சரிவு நாங்கள் தீர்மானித்தது. பிச்சாவரத்தில் சரிவைத் தீர்மானித்தது கடல்.

மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, இது நிர்வாகம்தானே? காட்டை நாம நடத்தறோம்கிற அதே மனசுதானே மொட்டை வெட்டுக்கும் திட்டம் போட்டுச்சு?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மொட்டை வெட்டுக்குத் திட்டம் போட்டவர் கையில் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வெட்டலாம் என்ற கணக்கு இருந்தது, நிலத்தின் லெவல் இல்லை என்று மட்டும் சொன்னேன். விறகுக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு காட்டைப் பார்ப்பதற்கும், அதன் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று முழங்கால் சேற்றில் நின்று பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவள் புதுவைக்குத் திரும்பிவிட்டாள், போனில் வாதம் தொடர்கிறது.

மற்றபடி குறிப்புகள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் காடு இது, 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரு சவாரியில் பார்த்துவிட முடியாது, முயலவும் வேண்டாம். நேரம் அதிகமுள்ள சவாரியாக எடுத்து, பாதி நேரம் படகை நிறுத்தச் சொல்லி உட்காருங்கள். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகளும், சேற்றில் தத்தித் தத்திப் போகிற மீனும் படகு நின்று கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் வெளியே வருகின்றன. பறவை பார்க்க வேண்டும் என்றால் மழை விட்ட பிறகு, மார்கழி, தை மாதங்கள் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் பெரியவர்களைக் கூட்டி வராதீர்கள்.

எனக்கு வருத்தம் தந்தது சவாரிக்கு வந்த சில கூட்டங்கள். ஒரு படகில் ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டே வாய்க்காலுக்குள் வந்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கொக்கு எழுந்து போய்விட்டது. வேர்களுக்கு நடுவே சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் சிக்கியிருந்தன. தாங்குவேர்கள் மரத்தைத் தாங்குவதோடு தண்ணீரில் வருவதையும் தடுத்து நிறுத்துகின்றன, நாம் போடுகிற குப்பையையும் அவை விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. எங்கள் படகுக்காரர் கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டே வந்தார். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை.

ஒரு விருப்பம். மீன்முள் வாய்க்கால் வெட்டிய இடத்தில், வெட்டுவதற்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு படமும் நாலு வரியும் வைத்தால் நன்றாக இருக்கும். வெட்டியவர்களின் ஊர்ப் பெயர்களும் அதில் இருக்க வேண்டும். நான் அந்தச் சாய்வைக் கவனித்துக் கேட்டதால் எனக்குத் தெரிந்தது. கேட்காதவர்களுக்கும் தெரியட்டும். அதுவரைக்கும் நீங்கள் படகில் ஏறியவுடனே "வெட்டின வாய்க்கால் பக்கம் போங்கண்ணே" என்று கேளுங்கள்.

சாப்பாடு: இறால், நண்டு சாப்பிடுகிறவர்களுக்குக் கிள்ளைப் பக்கமே கிடைக்கும். மாமனாருக்காக நாங்கள் சிதம்பரம் திரும்பி இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துச் செய்கிற சிதம்பரம் கொத்சு பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரை, குப்பை போகும்வரை. கையில் துணிப்பை ஒன்று எடுத்துப் போங்கள், வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலை அதிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். தொப்பி கட்டாயம். இறங்கும்போது படகுக்காரரிடம் அவர் பார்த்த பழைய காட்டைப் பற்றி இன்னொரு கேள்வி கேளுங்கள், சொல்ல அவருக்கு நிறைய இருக்கிறது.